இடப்பக்கம் வலுக் குறைந்த பிள்ளைக்கு 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல்: எதை முதலில் திருத்துவது?

திருமங்கலம்_பிடி
அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளை, வயது 15. பெருமூளை வாதம், இடது கை, இடது கால் இரண்டிலும் இறுக்கம். ஊர்க் கிணற்றில் பழகியவள் என்பதால் தண்ணீர்ப் பயம் கிடையாது. இப்போது மதுரை ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளத்தில் காலை பேட்ச். 25 மீட்டருக்கு 36 விநாடி, 50 மீட்டருக்கு 1 நிமிடம் 24 விநாடி. 25 மீட்டருக்கு வலது கை 24 தடவை விழுகிறது.

மூன்று சிக்கல். நேராகப் போகாமல் இடப்பக்க லேன் கயிற்றில் (பாதைகளைப் பிரிக்கும் மிதவைக் கயிறு) போய் உரசுகிறாள். 30 மீட்டரைத் தாண்டினால் கால் இறங்கிவிடுகிறது. வலப்பக்கம் மூச்சு எடுக்கையில் தண்ணீர் குடிக்கிறாள். இதில் எதை முதலில் எடுப்பது? மாற்றுத்திறனாளி அட்டையில் 60 சதவீதம் என்று இருக்கிறது, அது எந்த எஸ் வகுப்பில் (பாரா நீச்சல் போட்டிப் பிரிவு) வரும்?

யானைமலை
பிடி சார், மூன்றும் ஒரே சிக்கல்தான். கிணற்று நீச்சல் பழகின பிள்ளைன்னு சொன்னதிலேயே பாதி பதில் இருக்கு. கிணற்றுல நீந்துறவங்க தலையைத் தூக்கிப் படிக்கட்டைப் பார்த்துக்கிட்டே கையடிப்பாங்க. பத்து மீட்டர் அகலத்துல அது போதும். தலை மேலே போனா இடுப்பு கீழே போகும். நல்ல கால் உள்ளவங்க உதைச்சு உதைச்சு அதைச் சமாளிச்சிருவாங்க. இந்தப் பிள்ளைக்கு உதைக்க ஒரு கால்தான் சரியா இருக்கு, அதான் 30 மீட்டரோட தீர்ந்துபோகுது.

முதல்ல ஒரு சோதனை பண்ணுங்க. சுவரைத் தள்ளி, முகம் தண்ணிக்குள்ள, ரெண்டு கையும் முன்னால (இடது கை எவ்வளவு நீளுமோ அவ்வளவு), உதைக்காம சறுக்கச் சொல்லுங்க. பக்கத்துல நடந்துகிட்டே ரெண்டு விஷயம் பாருங்க: எத்தனையாவது மீட்டர்ல குதிகால் தண்ணிக்குக் கீழ போகுது, உடம்பு எந்தப் பக்கம் உருளுது. அஞ்சு தடவை பண்ணிக் குறிச்சு வைங்க. அந்த ரெண்டு எண்ணும் மாறாத வரைக்கும் உதைப்பயிற்சி, வேகப்பயிற்சி எல்லாம் வீண். பார்வை நேர் கீழே, குளத்தடி கறுப்புக் கோட்டுல இருக்கணும்; முன்சுவரைப் பார்க்கவே கூடாது.

ஒண்ணு கவனிச்சீங்களா? நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைகளுக்கு முதுகுல சுரைக்குடுக்கை கட்டி இறக்குவாங்க. இடுப்பை மேலே நிறுத்துற வேலையை அது பார்த்துக்கும். அதை அவிழ்த்ததும் அந்த வேலையைத் தலையும் நெஞ்சும் எடுத்துக்கணும். அதை யாரும் சொல்லிக் கொடுக்கிறதில்லை. இப்ப புல் பாயை (pull buoy, நுரை மிதவை) தொடைக்கு நடுவுல வைச்சு 4×25 (25 மீட்டர் நாலு தடவை) விடுங்க, குடுக்கை கட்டின மாதிரியே இடுப்பு நிக்கும். அந்த நிலையை உடம்பு ஒரு தடவை உணரட்டும். அப்புறம் எடுத்துட்டு 4×25. கடைசி வரைக்கும் புல் பாயோடயே விட்டுட்டா சுரைக்குடுக்கை கதைதான்.

லேன்_ஆறு
அண்ணே சொன்னது சரி. கயிற்றில் உரசுவதை மட்டும் நான் சொல்கிறேன், அது தலைநிலையால் மட்டும் வருவதில்லை.

வலது கை இழுக்கும்போது உடம்பு இடப்பக்கம் திரும்பும். இடது கை அதே அளவு இழுத்துத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடக் கயிற்றுக்குப் போய்விடுவாள். பலர் இதற்கு "இடது கையை இன்னும் பலமா இழு" என்பார்கள். இறுக்கம் உள்ள கையைப் பலமாக இழுக்கச் சொன்னால் இறுக்கம் கூடும், முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். திருத்தம் வலது கையில்தான் இருக்கிறது.

குளத்துக்குள் நீச்சல் கண்ணாடி போட்டு எதிர்ச்சுவரில் நின்று, அவள் உங்களை நோக்கி வரும்போது வலக்கையைப் பாருங்கள். உள்ளங்கை உடம்புக்கு எவ்வளவு வெளியே போகிறது? தோளுக்கு ஒரு அடி வெளியே இழுத்தால், படகில் ஒரு பக்கம் மட்டும் துடுப்பு போட்டது மாதிரி, தள்ளுவதைவிடத் திருப்புவதே அதிகம். தோளுக்கு நேரே கை நுழையணும், முழங்கை உயரமா இருக்கணும், உள்ளங்கை வயிற்றுக்கு அடியில் தொப்புள் ஓரமாகப் போகணும். உடம்பு நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகக்கூடாது, போனால் பாம்பு மாதிரி வளையும். இதற்குப் பத்து நாள் ஆகும். அதுவரை நேரம் கூடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.

இடது கைக்கு ஒரே வேலை: முன்னால் நீண்டு நிற்பது. இழுவை கிடைத்தால் லாபம்.

மூச்சு இடப்பக்கம் எடுக்கச் சொல்லுங்கள். அப்போது வலது கை முன்னால் நீண்டு தாங்கும். வலப்பக்கம் எடுத்தால் தாங்க வேண்டியது இடது கை; அது அமுங்கும், வாய் தண்ணீருக்குள் போகும். அவள் குடிக்கும் தண்ணீரின் கணக்கு இதுதான்.

யானைமலை
லேன்_ஆறு, மூச்சுப் பக்கம் விஷயத்துல நான் ஒத்துக்கலை. இடப்பக்கம்தான் ஏற்கெனவே அமுங்குற பக்கம். அந்தப் பக்கத்தை மேலே உருட்டி வாயை வெளிய கொண்டுவரணும்னா கூடுதல் உழைப்பு. வலப்பக்கம் உருள்றது அவளுக்கு இயல்பு. தண்ணி குடிக்கிறது தலையைத் தூக்கி மூச்சு எடுக்கிறதால. ஒரு கண்ணாடி வில்லை தண்ணிக்குள்ளயே இருக்கிற மாதிரி திருப்பினா நின்னுபோகும்.

பிசியோ_நத்தம்ரோடு
இருவர் சொல்வதற்கும் காரணம் உண்டு. பெருமூளை வாதத்தில் இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறு வயதிலேயே மறைய வேண்டிய ஒரு கழுத்து அனிச்சை சில பிள்ளைகளிடம் மிச்சம் இருக்கும். முகம் திரும்பிய பக்கத்துக் கை விறைத்து நீளும். பின்னந்தலைப் பக்கத்துக் கை மடங்கும். இந்தப் பிள்ளைக்கு அது இருந்தால், வலப்பக்கம் முகம் திரும்பும் அதே நொடியில் இடது கை மடங்கும், தாங்க வேண்டிய நேரத்தில் தாங்காது. இடப்பக்கம் திரும்பினாலோ இடது கை விறைத்து, மேலே எடுத்துப் போடுவது கடினமாகும்.

தரையிலேயே பார்த்துவிடலாம். கையும் கால் முட்டியும் தரையில் ஊன்றி நிற்க வையுங்கள். நீங்களே தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கள். இடது முழங்கை மடங்கினால் அனிச்சை இருக்கிறது. மடங்காவிட்டால் யானைமலை சார் சொல்வதுபோல் வலப்பக்கமே இருக்கலாம்.

அது எப்படி இருந்தாலும், முடிவைக் குளத்தில் எண்ணி எடுங்கள். நன்றாக ஓய்வெடுத்த ஒரு நாளில் 6×25, ஒன்று விட்டு ஒன்று: இடப்பக்க மூச்சு, வலப்பக்க மூச்சு. ஒவ்வொன்றுக்கும் விநாடியையும் கை எண்ணிக்கையையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை எந்தப் பக்கம் குறைகிறதோ அதுவே அவள் பக்கம். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை திரும்ப எடுங்கள், ஏனென்றால் பழக்கமே முதல் நாள் முடிவைச் சாய்த்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. வலிப்பு மருந்து சாப்பிடுகிறாளா என்று வீட்டில் கேளுங்கள். சாப்பிட்டால் கரையில் ஒருவர் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், காலை மருந்து தவறிய நாளில் இறக்கவே கூடாது. குளிர்ந்த தண்ணீரில் இறுக்கம் கூடும். மார்கழியில் காலை 6 மணி பேட்ச் இவளுக்கு ஏற்றதல்ல. போட்டிக் குளம் 25 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர்த் திறந்த குளங்களில் விடியற்காலை அதற்குக் கீழே போய்விடும். அப்படிப்பட்ட நாளில் இறங்கும் முன் கரையில் பத்து நிமிடம் தோள், கணுக்கால் நீட்டல்.

விசில்
வகுப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. சார், அட்டையில் உள்ள 60 சதவீதத்துக்கும் எஸ் வகுப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சதவீதம் அரசு உதவிகளுக்கு. நீச்சல் வகுப்பு, அந்தக் குறைபாடு நீந்துவதை எவ்வளவு பாதிக்கிறது என்பதற்கு. எஸ்1 முதல் எஸ்10 வரை உடல் குறைபாடு, எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம். எஸ்11 முதல் எஸ்13 வரை பார்வை. எஸ்14 அறிவுசார் குறைபாடு. எஸ் என்பது ஃப்ரீஸ்டைல், பட்டர்ஃப்ளை, பேக்ஸ்ட்ரோக்குக்கு. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு எஸ்பி, மெட்லேக்கு எஸ்எம். ஒரே ஆளுக்கு மூன்றும் வெவ்வேறு எண்ணாக வரலாம். கேட்கும் திறன் மட்டும் இல்லாதவர்களுக்குப் பாராலிம்பிக்கில் வகுப்பு கிடையாது, அவர்கள் பாதை டெஃப்லிம்பிக்ஸ். இது தெரியாமல் ஒவ்வோர் ஆண்டும் யாராவது அலைகிறார்கள்.

உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதித்தவர்கள் பாதிப்பின் அளவைப் பொறுத்து எஸ்5, எஸ்7 என்று பல வகுப்புகளில் இருக்கிறார்கள். நாம் இங்கே உட்கார்ந்து எண் சொல்லக்கூடாது. மருத்துவ அறிக்கையில் நோயின் பெயர், நரம்பியல் மருத்துவர் கையொப்பம், ஸ்கேன் இருக்க வேண்டும். பிறகு வகைப்படுத்துநர்கள் மேசையில் படுக்கவைத்து மூட்டு, தசை, ஒருங்கிணைப்பு பார்ப்பார்கள், தண்ணீரில் பார்ப்பார்கள், போட்டியில் நீந்துவதையும் பார்ப்பார்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். சில பெற்றோர் "மேசையில் கொஞ்சம் குறைச்சுக் காட்டும்மா" என்று சொல்லிக் கூட்டி வருகிறார்கள். மேசையில் வராத அசைவு போட்டியில் வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவது குற்றம், தடை வரும்.

எல்லா வகுப்புக்கும் எல்லாத் தூரமும் இருக்காது என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். 2024 பாரிஸில் பெண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் எஸ்4, எஸ்6, எஸ்8, எஸ்10, எஸ்11, எஸ்13 ஆகியவற்றில்தான் நடந்தது. எஸ்5 ஆள் 50 நீந்த வேண்டுமானால் எஸ்6-இல் சேர்ந்து நீந்தணும். ஃப்ரீஸ்டைலில் அவளுக்கென்று இருந்தது 100-உம் 200-உம். ஆகவே 50 மட்டுமே நோக்கம் என்று பயிற்சியைக் குறுக்கிவிடாதீர்கள்.

மேலூர்_அம்மா
ஐயா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். பேச்சுக்கு நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். முழுப் பார்வையின்மை உள்ள பெண் பிள்ளைக்கு, எஸ்11 என்று சொன்னார்கள், தட்டுக்கோல் வேண்டுமாம். கடையில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நாமே செய்துகொள்ளலாமா?

தட்டுக்கோல்
தாராளமாச் செய்யலாம்மா. சுவர் நெருங்கிருச்சுன்னு பிள்ளையைத் தட்டிச் சொல்ற கோல் அது, கடையில விற்கிற சாமான் இல்லை, உலகம் முழுக்கப் பெரும்பாலும் அவங்கவங்களே செஞ்சுக்கிறதுதான்.

கம்பு: அலுமினியக் குழாய், ரெண்டரை மீட்டர். கரண்ட் வேலைக்குப் போடுற பிவிசி பைப் வேண்டாம், நுனி ஆடும். தலையில தட்ட நினைச்சா தோள்ல விழும். மூங்கில் நேராத்தான் இருக்கும், ஆனா ரெண்டு மணி நேரம் பிடிச்சா கை ஓஞ்சுரும். நுனிக்கு டென்னிஸ் பந்து. ஒரு பக்கம் கிழிச்சு, உள்ளே ஸ்பாஞ்ச் திணிச்சு, குழாயில செருகி, சைக்கிள் டியூபை நாடாவா வெட்டி இறுக்கிச் சுத்துங்க. கம்பி கட்டாதீங்க, பந்து நழுவினா கம்பி முனை தலையில குத்தும். பிடிக்கிற பக்கம் கிரிக்கெட் மட்டைக்குப் போடுற கிரிப்.

தட்டுற நேரந்தான் வித்தை. எஸ்11-க்குத் தட்டுறது கட்டாயம், எஸ்12, எஸ்13-க்கு விருப்பம். முடிவுச் சுவருக்கு: பிள்ளை கடைசியா ஒரு கை போட்டுத் தொடுற தூரம் எவ்வளவுன்னு முதல்ல அளங்க. வழக்கமா தலை சுவருக்கு ஒண்ணரை மீட்டர் இருக்கும்போது தட்டினா, நடந்துகிட்டிருக்கிற கை முடிஞ்சு அடுத்த கை சுவர்ல விழும். சீக்கிரம் தட்டினா நீண்டு மிதந்து வந்து முழுசா ஒரு விநாடி போயிரும். தாமதமானா விரல் மடங்கும், இல்லேன்னா மண்டை இடிக்கும். டர்னுக்கு இன்னும் அரை மீட்டர் முன்னாடி. ஒரே இடத்துல, ஒரே தடவை, ஒரே பலத்துல. தலையா முதுகான்னு பிள்ளையே முடிவு பண்ணட்டும், அப்புறம் மாத்தாதீங்க. தட்டுறவரும் மாறக்கூடாது. 100 மீட்டர்னா ரெண்டு முனைக்கும் ஒவ்வொரு ஆள் வேணும். தட்டுறதைத் தவிர போட்டியில வேற எதுவும் பண்ணக்கூடாது. "இழு, இழு"ன்னு கத்தினா புகார் வரும்.

பிள்ளை போடுற நீச்சல் கண்ணாடியில வெளிச்சம் புகக்கூடாது; வெளிப்பக்கம் கறுப்பு ஸ்ப்ரே ரெண்டு கோட் அடிச்சு ஒரு நாள் காய விடுங்க. உள்பக்கம் அடிச்சா குளோரின்ல உரிஞ்சு கண்ணுல விழும். டார்ச்சை முன்னால வைச்சு உள்ளேயிருந்து பாருங்க, ஊசிமுனை வெளிச்சம்கூடத் தெரியக்கூடாது. டைவ்ல தற்செயலா கழண்டு விழுந்தா தகுதிநீக்கம் இல்லை, நிறுத்தாம நீந்தச் சொல்லுங்க.

இன்னொண்ணும் பாருங்க. பார்வையில்லாத பிள்ளை கயிற்றை ஒட்டியே போகும், அதுதான் அதுக்கு வழி. உடைஞ்ச மிதவை வளையம் கத்தி மாதிரி கிழிக்கும். பயிற்சிக்கு முன்னாடி அந்த லேன் கயிறு முழுக்கக் கையால தடவிப் பார்த்துருங்க.

லேன்_ஆறு
மேலூர் அக்கா, உடை பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். பருத்திச் சுடிதாரில் இறக்க வேண்டாம். நனைந்த துணி கனத்து, கால் இருக்கிற பிள்ளையையே கீழே இழுக்கும். நைலான்–ஸ்பான்டெக்ஸில் முழுக்கை, முழுக்கால் வைத்துத் தைத்ததைப் பயிற்சிக்குப் போடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. போட்டி விதி வேறு: பெண்கள் உடை கழுத்தை மூடக்கூடாது, தோளைத் தாண்டக்கூடாது, முழங்காலுக்குக் கீழே போகக்கூடாது. முழங்கால்வரை உள்ள உடையை வீட்டில் முன்கூட்டியே காட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள். போட்டியன்று உடைமாற்றும் அறையில் அழுகை வேண்டாம். ஒரு கை வராத பிள்ளைக்கு இறுக்கமான போட்டி உடையை மாட்ட இருபது நிமிடமும் ஒரு பெண் துணையும் வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள். செயற்கைக் கால், காலிப்பர் எதுவும் தண்ணீருக்குள் அனுமதி இல்லை.

கண்மாய்க்கரை
ஒரு கேள்வி. ஒற்றைக்கால் பிள்ளைகளை உதைக்க விடணுமா, விடவேண்டாமா? ஒரு கோச் வேண்டவே வேண்டாம் என்கிறார்.

யானைமலை
விடணும், ஆனா வேகத்துக்கு இல்லை. ஒரே கால் நேராக் கீழே உதைச்சா இடுப்பு ஒரு பக்கம் தூக்கி உடம்பு முறுக்கும். அந்தக் கால் உடம்பு நடுக்கோட்டுக்கு வந்து, ஒரு கைக்கு ஒரு உதைன்னு, உருள்றதை நிறுத்துற சுக்கான் மாதிரி வேலை செய்யணும். தென்னாப்பிரிக்காவோட நாட்டலி டு டாய்ட் 2001-ல இடது காலை இழந்தவங்க. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்லயே 10 கிலோமீட்டர் நீந்தி 16-ஆவதா வந்தாங்க, பாராலிம்பிக்கை நான் சொல்லலை. அந்தத் தூரம் முழுக்கக் கையாலயும் உடம்பு நேராப் படுத்திருந்ததாலயும்தான்.

பிசியோ_நத்தம்ரோடு
தண்டுவடக் காயம் உள்ள பெண்களுக்குப் பயிற்சி தருபவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் இது: உணர்வில்லாத தோலைக் குளத்து விளிம்பில் இழுக்காதீர்கள். சிமெண்ட் விளிம்பில் பெற்ற சிராய்ப்பு அவருக்குத் தெரியாது, பத்து நாளில் புண்ணாகும். விளிம்பில் யோகா பாய் விரித்து, அதன்மேல் நனைந்த துண்டு போட்டு இறக்குங்கள். ஏறியதும் பிட்டம், குதிகால், கணுக்கால் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே சிறுநீர்ப்பையைக் காலி செய்யச் சொல்லுங்கள். மார்பு மட்டத்துக்கு மேல் காயம் உள்ளவருக்குத் திடீர்த் தலைவலி, முகம் சிவந்து வியர்வை என்றால் உடனே வெளியே எடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, எங்காவது உடை இறுக்குகிறதா என்று பாருங்கள், தணியாவிட்டால் ஆஸ்பத்திரி. ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும் நிலை அது, ஓய்வெடுத்தால் சரியாகும் என்று படுக்க வைத்துவிடக் கூடாது.

திருமங்கலம்_பிடி
அனைவருக்கும் நன்றி. கையும் கால் முட்டியும் ஊன்றிப் பார்த்ததில் இடது முழங்கை மடங்குகிறது. 6×25 முடிவு, விநாடியும் வலது கை எண்ணிக்கையும் சேர்த்து:
வலப்பக்க மூச்சு: 60, 61, 63
இடப்பக்க மூச்சு: 58, 58, 57
சறுக்கலில் நான்காவது மீட்டரில் கால் இறங்குகிறது, இடப்பக்கம் உருள்கிறது.

ஸ்டார்ட் எப்படி? பலகையில் நிற்கும்போது தள்ளாடுகிறாள்.

யானைமலை
எண் பேசிருச்சு. லேன்_ஆறு ஜெயிச்சாச்சு, இடப்பக்கமே எடுக்கட்டும்.

விசில்
ஸ்டார்ட்டுக்கு மூன்று வழி: பலகை மேலிருந்து, பலகை ஓரத்தில் கரையிலிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து. தண்ணீருக்குள் என்றால் மணி ஒலிக்கும் வரை ஒரு கை சுவரைப் பிடித்திருக்க வேண்டும். பலகையில் துணையாள் பிடித்து நிற்க வைக்கலாம். வகைப்படுத்தும்போதே அந்தத் தேவையைக் குறியீடாகப் பதிந்திருக்க வேண்டும், அன்று காலை கேட்டால் தரமாட்டார்கள். பிடிக்கலாம், தள்ளக்கூடாது.

பயிற்சியில் டைவ் ஆழமான முனையில் மட்டும். பலகைக்கு முன்னால் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கிக் கிடக்கும் குளத்தில் குச்சி விட்டு அளந்துவிட்டே விடுங்கள். கோடைப் பயிற்சி முகாம் கூட்டத்தில் ஆழமில்லாத முனையை ஒதுக்குவார்கள். அங்கே தண்ணீருக்குள்ளிருந்து ஸ்டார்ட் மட்டும்.

லேன்_ஆறு
வலது கால் முன்விளிம்பில், கட்டைவிரல் விளிம்பைப் பற்றியிருக்க, இடது கால் பின்னால் ஊன்றுகோல் மாதிரி. வலது கை பலகையைப் பிடிக்கட்டும். முதல் மூன்று வாரம் உட்கார்ந்த நிலை, பிறகு ஒற்றை முட்டி, பிறகு நிற்பது. தண்ணீருக்குள்ளிருந்து தள்ளி 10 மீட்டர், பலகையிலிருந்து 10 மீட்டர் இரண்டையும் ஸ்டாப்வாட்சில் எடுங்கள். பலகை அரை விநாடியாவது மிச்சம் பிடிக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே வையுங்கள்.

வாரம் மூன்று நாள், இப்போதைக்கு 1200 மீட்டருக்கு மேல் வேண்டாம். 200 மெதுவாக. 8×25 சறுக்கலும் இடப்பக்க மூச்சும், ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி ஓய்வு. 4×25 புல் பாயுடன், 4×25 இல்லாமல். 8×50, ஒவ்வொரு 50-க்கும் வலது கை எண்ணிக்கை 46-ஐத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் ஓய்வு. கடைசியில் 4×15 முழு வேகம், மீதி 10 மீட்டரை நடந்து முடிக்கட்டும், பிறகு 100 மெதுவாக. எண்ணிக்கை குலைந்தபின் நீந்தும் ஒவ்வொரு மீட்டரும் தவறைத்தான் பழக்கும்.

திருமங்கலம்_பிடி
முடிவுச் சுவரில் இடது கை விழுந்தால் குட்டையாக இருக்கிறது. அதற்கு?

தட்டுக்கோல்
கயிற்றுல கடைசி 5 மீட்டருக்கு மிதவை நிறம் மாறும் பாருங்க, அங்கிருந்து எண்ணச் சொல்லுங்க சார். வலது கை அஞ்சுல முடியுதா ஆறுலயான்னு பத்துத் தடவை பார்த்துட்டு, அதுக்கேத்த மாதிரி அந்த நிறத்துல நுழையும்போது எந்தக் கை முன்னால இருக்கணும்னு மட்டும் பழக்குங்க. கடைசி அஞ்சு மீட்டர்ல மூச்சு வேண்டாம்.